தென்னங்குருத்தில் வண்டு: நாலு நாள் லீவில் என்ன செய்ய முடியும்?

22 ஜனவரி 2025, காலை. ஒரு வாசகரின் கேள்வி

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லையில் உள்ள தென்னங்கன்றுகளில் மட்டை எல்லாம் கத்தரிக்கோலால் வெட்டினது போல இருக்கிறது. காண்டாமிருக வண்டு என்கிறார்கள். பாச்சா உருண்டை வாங்கிக் குருத்தில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். இது போதும்தானே? எனக்குத் தென்னை பற்றி ஒன்றும் தெரியாது. அடுத்த லீவு ஏப்ரலில்தான்.

22 ஜனவரி 2025, இரவு

போதாது. போன வாரம்தான் இதே வேலையை என் மாமனார் வீட்டில் செய்துவிட்டு வந்தேன். கையில் இன்னும் கீறல் ஆறவில்லை.

பட்டுக்கோட்டைப் பக்கம் கிராமம். கொல்லையில் 11 மரம். மூன்று பழைய மரம், 2018 கஜா புயலுக்குத் தப்பியவை. மற்ற எட்டும் 2019-இல் வைத்த நெட்டைக் கன்று, இப்போது ஏணி வைத்தால் உச்சி எட்டும் உயரம். மாமாவுக்குப் போன வருடம் முழங்காலில் ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொல்லையைப் பார்க்க ஆள் இல்லை. நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவன். இளநீர்க் கடையில் நின்றதைத் தவிர தென்னையோடு எனக்கு ஒரு உறவும் கிடையாது.

போகி அன்று மதியம் மாமா கீழே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, நான் ஏணியில் நின்று செய்தேன். மட்டையின் அடிக்கக்கத்தில், குருத்தை ஒட்டி, மென்று துப்பினது போல ஈரமான நார்ச்சக்கை பிதுங்கிக்கொண்டிருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது என்று அர்த்தம். சக்கையை விரலால் வழித்து எடுத்தால் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை தெரியும். அதற்குள் கம்பியை விட வேண்டும். மாமா பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றின் நுனியை அரத்தால் ராவித் தூண்டில் முள் மாதிரி கொக்கி போட்டு வைத்திருந்தார்.

முதல் மூன்று ஓட்டையில் ஒன்றும் மாட்டவில்லை. நாலாவதில் கம்பி கல்லில் இடித்தது போல நின்றது. "கல்லு இல்ல மாப்ள, அதான் வண்டு. அழுத்துங்க" என்றார். அழுத்தினேன். ஓடு நொறுங்குவது கம்பி வழியாக விரலுக்குத் தெரிந்தது. "கிறீச்" என்று ஒரு சத்தம் வேறு. இழுத்தால் கறுப்பாக, பளபளவென்று, என் கட்டைவிரலை விடப் பருமனான வண்டு. காலெல்லாம் முள். முழுசாக வெளியே வந்த பிறகும் அது கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அன்று எட்டு மரத்தில் ஐந்து வண்டு எடுத்தேன். எடுத்த பிறகுதான் உருண்டை. உள்ளே வண்டை வைத்துக்கொண்டு மேலே உருண்டை போட்டால் என்ன பயன்? நீங்கள் முதலில் ஓட்டையைப் பார்த்தீர்களா?

23 ஜனவரி 2025

உருண்டை கணக்கு கேட்டிருந்தீர்கள். காய்ப்புக்கு வராத கன்றுக்கு மூன்று உருண்டை. குருத்தை ஒட்டிய உள்வரிசை மூன்று மட்டைக் கக்கத்தில் ஒவ்வொன்று. மேலே மணல் போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் சீக்கிரம் கரைந்து போகும். 45 நாளுக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும். ஏப்ரல் வரை நீங்கள் போகப் போவதில்லை என்றால், அக்கா வீட்டில் யாரையாவது பழக்கிவிட்டு வாருங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு மரத்துக்கு உருண்டை போடவில்லை, அத்தை வேண்டாம் என்றார்கள். அதற்குப் பதில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம், அதே மூன்று கக்கத்தில். வேம்பின் கசப்பும் வாடையும் வண்டை அண்ட விடுவதில்லை.

25 ஜனவரி 2025

முதல் குறிப்பைத் திரும்பப் படித்தேன். ஒரு விஷயம் சொல்லாமல் விட்டிருக்கிறேன், அது எனக்கே அப்போது பிடிபடவில்லை.

விசிறி மாதிரி, முக்கோணமாக வெட்டுப்பட்ட மட்டையைப் பார்த்ததும் "இந்த மரத்தில் வண்டு இருக்கிறது" என்று நினைத்து ஏறினேன். பல மரத்தில் ஒன்றும் இல்லை. காரணம் இதுதான். வண்டு விரிந்த மட்டையைத் தின்பதில்லை. விரியாமல் சுருண்டிருக்கும் குருத்தைத் துளைத்து உள்ளே போகிறது. ஒரு ஓட்டைதான் போடுகிறது, ஆனால் ஓலைகள் மடிந்து அடுக்கியிருப்பதால் அந்த ஒரு ஓட்டை பல ஓலைகளையும் அறுத்துவிடுகிறது. காகிதத்தை மடித்து ஓரத்தில் வெட்டி விரித்தால் வரிசையாகப் பூ விழுமே, அதே மாதிரி. அந்தக் குருத்து விரிந்து மட்டையாகும்போதுதான் வெட்டு நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குள் வண்டு போய் நாளாகியிருக்கும்.

நன்றாக இருக்கும் மரம் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு மட்டை விடும். ஆகவே குருத்திலிருந்து கீழ்நோக்கி மட்டையை எண்ணினால் எப்போது கடி வாங்கியது என்று சுமாராகச் சொல்லிவிடலாம். எங்கள் ஏழாவது மரத்தில் மேலிருந்து நாலு, ஐந்து, ஆறாவது மட்டைகளில் வெட்டு. மேல் மூன்றும் முழுசு. ஐந்தாவது மரத்தில் மேல் மூன்றிலும் வெட்டு. ஆக, ஏற வேண்டியது ஐந்தாவது மரத்தில். வெட்டைப் பார்க்காதீர்கள், ஈரச் சக்கையைப் பாருங்கள்.

2 பிப்ரவரி 2025

குப்பைக்குழி பற்றியும் எழுத வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மாட்டுப் பொங்கல் அன்று காலை, மாட்டைக் குளிப்பாட்டிவிட்டு மாமா சொன்னார்: "மேல புடிச்சது அஞ்சு. கீழ எத்தன கெடக்குன்னு யாருக்குத் தெரியும்?" வண்டு முட்டை இடுவது மரத்தில் இல்லை. மக்கிய சாணி, மக்கிய மரம், குப்பை, இங்கேதான். முட்டை பொரித்துப் புழுவாகி, மாதக்கணக்கில் எருவைத் தின்று பருத்து, கூட்டுப்புழுவாகி, வண்டாக மாறி ராத்திரியில் பறந்து குருத்துக்கு வருகிறது. எங்கள் குழிக்கும் ஐந்தாவது மரத்துக்கும் நடுவே பத்து அடி கூட இல்லை.

நான் மண்வெட்டியை எடுத்ததும் அத்தைக்கு முகம் மாறிவிட்டது. "மாப்பிள்ளய குப்ப அள்ள விட்டுட்டு நாங்க உக்காந்து பாக்குறதா? ஊர்ல என்ன பேசுவாங்க?" என்று மாமாவைப் பிடித்துக்கொண்டார்கள். என் மனைவி, "அவரு ஆசப்பட்டுத்தான் செய்யுறாரு, விடும்மா" என்றாள். உண்மை அதுதான். கம்பியில் அந்த முதல் வண்டு மாட்டியதிலிருந்து எனக்கு இதை விட மனம் இல்லை. அத்தை ஒரு நிபந்தனை போட்டார்கள்: கொல்லைப்புற வேலி ஓரம் தென்னங்கீற்றுத் தட்டி ஒன்றைச் சாத்த வேண்டும், தெருவில் போகிறவர்கள் பார்க்கக் கூடாது. சாத்தினோம்.

மேலே ஒரு முழம் வரை காய்ந்த சாணி, ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே கறுத்து, ஈரமாக, தேயிலைத்தூள் மாதிரி பொலபொலவென்று ஆன இடம் வந்ததும் ஆரம்பித்தது. வெள்ளையாக, பிறை மாதிரி சுருண்டு, தலை மட்டும் செம்பழுப்பாக, ஒவ்வொன்றும் என் நடுவிரல் பருமன். ஒரு வெட்டுக்கு இரண்டு மூன்று. பாண்டில் போட்டு எண்ணிக்கொண்டே வந்தாள் என் மகள், ஒன்பது வயது. பாதிக் குழி முடிப்பதற்குள் 63. கோழிகளுக்கு எப்படித் தெரிந்ததோ, ஆறும் வந்து பாண்டைச் சுற்றி நின்றுவிட்டன. ஒரு பெட்டை புழுவைக் கவ்விக்கொண்டு ஓட, மற்ற ஐந்தும் துரத்த, கொல்லையே கலவரமாகிவிட்டது.

மறுநாள் காணும் பொங்கல். சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். மீதிக் குழி அப்படியே நிற்கிறது.

3 பிப்ரவரி 2025

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "63-உம் காண்டாமிருக வண்டுப் புழுதான் என்று எப்படித் தெரியும்?" சரியான கேள்வி. எனக்குத் தெரியாது. வெள்ளையாக இருந்தவை எல்லாவற்றையும் கோழிக்குப் போட்டேன்.

அவர் சொன்ன சோதனை இது. புழுவைத் தட்டையான தரையில் விட வேண்டும். முதுகைத் தரையில் வைத்து, காலை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, மல்லாந்தபடியே வேகமாக ஊர்ந்தால் அது பூ வண்டின் புழு. எருவை மக்கவைக்கிற வேலையைத்தான் செய்கிறது, குருத்துக்கு வருவதில்லை. விட்டுவிடலாம். பக்கவாட்டில் சுருண்டு கிடந்தோ, காலை ஊன்றித் திணறியோ நகர்ந்தால் அதுதான் நம் ஆள். தலையும் காலும் அதற்குப் பெரிசு.

போனில் மாமாவிடம் சொன்னேன். அவர் 40 வருடமாகத் தென்னை வைத்திருப்பவர். "அப்புடியா? மல்லாக்க ஊருறத நானும் பாத்துருக்கேன், அது ஏதோ நோவுல கெடக்குன்னுல நெனச்சேன்" என்றார். மாலையில் அவரே போன் செய்து, குழி ஓரத்தில் ஐந்தை எடுத்துத் திண்ணையில் விட்டுப் பார்த்ததாகவும் ஒன்று மல்லாந்து ஓடியதாகவும் சொன்னார்.

19 பிப்ரவரி 2025

ஆமணக்குப் புண்ணாக்கு வைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். வைத்தோம், ஒரு தப்பும் செய்தோம். அதை முதலில் சொல்கிறேன்.

முறை சுலபம். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, வாயகன்ற மண்பானையில் ஊற்றி வைக்க வேண்டும். புளித்த வாடைக்கு வண்டு வந்து விழுந்து செத்துப்போகும். ஊருக்குக் கிளம்புவதற்கு முன் இரண்டு பானை வைத்துவிட்டு வந்தேன். ஒன்றைக் குழிக்குப் பக்கத்தில், அதாவது மாட்டுக் கொட்டகைக்கு ஐந்தடி தள்ளி.

அத்தை அன்று சாயந்தரமே அதைத் தூக்கி வேலிக்கு வெளியே வைத்துவிட்டார்கள். கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு பானையை முகர்ந்துகொண்டிருந்ததாம். கடலைப் புண்ணாக்கும் எள்ளுப் புண்ணாக்கும் தின்று பழகிய மாட்டுக்கு இது வேறு என்று தெரியாது. ஆமணக்கில் இருப்பது விஷம், மாட்டுக்கு ஆகவே ஆகாது. அத்தைக்கு அது தெரிந்திருந்தது, எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மாடு, ஆடு, கோழி உள்ள வீடாக இருந்தால் பானையை எட்டாத இடத்தில் வையுங்கள், சுற்றி முள் கட்டுங்கள்.

வேலிக்கு வெளியே வைத்த பானையில் முதல் பத்து நாளில் ஒன்பது வண்டு விழுந்திருந்ததாக மாமா சொன்னார்.

இன்னொன்று. கொட்டகைக் கூரையில் பழைய குருணை மருந்துப் பொட்டலம் ஒன்று செருகியிருந்தது. ஃபோரேட். முன்பு குருத்தில் போடுவார்களாம். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு இந்தியாவில் அதை விற்கவோ பயன்படுத்தவோ கூடாது. உங்கள் வீட்டுப் பரணிலும் கிடக்கலாம், குழந்தைகள் கைக்கு எட்டும் இடமா என்று பாருங்கள்.

9 மார்ச் 2025

சென்னையில் உட்கார்ந்துகொண்டு செய்ய முடிந்த ஒரே வேலை, மாமாவைத் தொந்தரவு செய்வது. வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பட்டுக்கோட்டையிலிருந்து கிட்டத்தில். அங்கே விசாரித்து மெட்டாரைசியம் வாங்கச் சொன்னேன். பச்சை மஸ்கார்டைன் பூஞ்சாணம் என்பார்கள், குழியில் இருக்கும் வண்டுப் புழுவைக் கொல்வது. பக்கத்து வீட்டுத் தம்பி பைக்கில் கூட்டிப் போனார்.

தண்ணீரில் கரைத்து, குழியைக் கிளறிவிட்டுச் சாயங்காலத்தில் ஊற்ற வேண்டும். வெயில் படக் கூடாது, குழி ஈரமாக இருக்க வேண்டும். பூஞ்சாணக்கொல்லி எதையும் கலக்கக் கூடாது, நம் பூஞ்சாணமே செத்துவிடும். அளவு பொட்டலத்துக்குப் பொட்டலம் வேறுபடுகிறது, அதில் போட்டிருக்கிறபடி செய்யுங்கள்.

உடனே ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில் ஆகும். மாமா தினமும் போய்க் கிளறிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் நெளியுது" என்று போன் செய்கிறார்.

16 ஏப்ரல் 2025

சித்திரைப் பிறப்புக்கு வந்தோம். இந்த முறை நாலு நாள் முழுசாகக் கொல்லைக்குத்தான்.

முதலில் நல்ல செய்தி. குழியில் செத்த புழுக்கள். அழுகிப் போகவில்லை. சாக்பீஸ் மாதிரி விறைத்து, மேலே பச்சைப் பொடி பூத்திருந்தது. பாசிப்பயறு மாவைத் தூவி வைத்தது போல. மகள் ஒன்றைக் குச்சியால் தட்டினாள், "டொக்" என்றது. மாமா அதை வாழையிலைத் துண்டில் வைத்துத் திண்ணையில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். அப்படிச் செத்த புழுவைத் தூக்கி எறியக் கூடாது, அங்கேயே விட்டால்தான் மற்றதுக்கும் பரவும். அத்தனையையும் திரும்பக் குழியில் போட வைத்தேன்.

அடுத்தது கஷ்டமான விஷயம். குழியின் மேற்குக் கரைக்கு அணையாக ஒரு தென்னைத் துண்டு கிடக்கிறது. கஜாவில் விழுந்த மரம். மாமாவின் அப்பா கையால் வைத்த முதல் மரம் அதுதான். விழுந்ததையெல்லாம் வெட்டி அப்புறப்படுத்தியபோது இந்த ஒரு துண்டை மட்டும் மாமா விடவில்லை. தினமும் சாயந்தரம் அதில்தான் உட்காருவார். ஜனவரியிலேயே எனக்குச் சந்தேகம். கேட்க வாய் வரவில்லை.

இந்த முறை நான் கேட்கவில்லை. அவரே கேட்டார். "மாப்ள, மக்குன மரத்துலயும் இருக்கும்னு எழுதுனீங்கள்ல. இதுலயுமா?" (இந்த இழையை என் மனைவி அவருக்குப் படித்துக் காட்டுகிறாள்.) நான் பதில் சொல்வதற்குள் எழுந்து, கடப்பாரையை எடுத்து, தன் கையாலேயே குத்தினார். வெளியே இரும்பு மாதிரி இருந்த மரம், ஒரு விரல்கடை தாண்டியதும் உள்ளே சட்டென்று இறங்கிவிட்டது. உள்ளே முழுக்க மரத்தூள். பிளந்து போட்டோம். 41 புழு, நாலு கூட்டுப்புழு, அப்போதுதான் ஓடு இறுகிய வண்டு இரண்டு. எல்லாம் காலை ஊன்றுகிற சாதி, ஒன்றுகூட மல்லாந்து ஓடவில்லை.

மாமா ஒன்றும் பேசவில்லை. பிளந்த துண்டுகளில் வைரமாக இருந்த ஓரத்தில் ஒரு முழம் நறுக்கி எடுத்து வைத்துக்கொண்டார். மீதி வெந்நீர் அடுப்புக்குப் போனது.

18 ஏப்ரல் 2025

ஐந்தாவது மரம். இதை எழுத வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுத வேண்டும்.

ஜனவரியில் ஏணி சாத்த இடம் இல்லையென்று அந்த மரத்தில் இரண்டு பச்சை மட்டையை அடியோடு அரிவாளால் சீவினேன். சுத்தமாக, தண்டை ஒட்டி. பார்க்க அழகாக இருந்தது. இப்போது வந்து பார்த்தால் அந்த வெட்டு வாயிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் வடிந்து காய்ந்திருக்கிறது. கீழே புதுசாக நார்ச்சக்கை. அத்தை, "காத வச்சுக் கேளுங்க தம்பி" என்றார்கள். தண்டில் காதை வைத்தேன். உள்ளே யாரோ பொரி மெல்லுவது போல, விட்டு விட்டுச் சத்தம்.

இது காண்டாமிருக வண்டு இல்லை. சிவப்புக் கூன்வண்டு. காண்டாமிருக வண்டு போடும் ஓட்டை, நாம் போடும் வெட்டு, எங்கெல்லாம் பச்சைக் காயம் இருக்கிறதோ அங்கே வந்து முட்டை இடும். அதன் புழு எருவில் வளர்வதில்லை, மரத்துக்குள்ளேயே தின்று வளர்கிறது. தென்னைக்கு முளை ஒன்றுதான். அது போனால் மரம் போயிற்று.

பச்சை மட்டையை வெட்ட வேண்டியிருந்தால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். இடுப்புக்கு மேல் உயரம் வரும் அளவு. அந்தக் காம்பு காய்ந்து தானாக உதிரட்டும். இதை எனக்கு ஜனவரி 24-ஆம் தேதி ஒருவர் இங்கேயே சொன்னார். அதற்குள் நான் வெட்டிவிட்டிருந்தேன். காயம் வண்டின் ஓட்டையால் வந்ததா என் அரிவாளால் வந்ததா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்கிறார் மாமா. நீர் வடிவது நான் வெட்டிய இடத்தில்தான்.

11 மே 2025

"ஏன் இப்போது எல்லா வீட்டிலும் இந்த வண்டு?" என்று கேட்டவருக்கு.

எங்கள் பக்கத்துக்கு மட்டும் என்னால் சொல்ல முடியும். 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் தோப்பு தோப்பாகச் சாய்ந்தது. அந்த வாரம் நான் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பஸ் போகாது, பாதி வழி நடை. வீட்டுக் கொல்லையில் நின்று பார்த்தால் எப்போதும் தெரியாத அடுத்த ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்தது. நடுவில் இருந்த மரம் எதுவும் இல்லை. மாமா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கோபுரம் தெரியுது பாருங்க."

விழுந்த மரத்தை வாங்க ஆள் இல்லை, அறுக்க ஆள் இல்லை. பல இடத்தில் தண்டுகளை ஓரமாக உருட்டிப் போட்டு அப்படியே விட்டார்கள், அடிக்கட்டை மண்ணிலேயே மக்கியது. மக்கிய மரம் புழுவுக்குத் தொட்டில். பக்கத்திலேயே புதுக் கன்று, இளங்குருத்து. அந்த வண்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? நம் கொல்லையை மட்டும் சுத்தம் செய்தால் பத்தாது என்பதும் இதனால்தான். இரண்டு வீடு தள்ளி ஒரு அடிக்கட்டை கிடந்தாலும் ராத்திரியில் பறந்து வந்துவிடும். மாமா இப்போது தெருவில் அந்த வேலையில் இறங்கியிருக்கிறார், பச்சை பூத்த புழுவைக் காட்டுவதும் அதற்குத்தான்.

4 ஆகஸ்ட் 2025

நேற்று ஆடிப் பெருக்கு. ஐந்தாவது மரத்தை இன்று காலை வெட்டினோம்.

ஜூலையிலேயே நடுக்குருத்து சாய்ந்துவிட்டது. மருந்து வைத்தும் நிற்கவில்லை. விட்டுவைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் கூன்வண்டாகி மற்ற ஏழுக்கும் போகும். மரம் ஏறுகிற அண்ணன் வந்து வெட்டிக் கொடுத்தார். மண்டையைப் பிளந்ததும் புளித்த வாடை. காலே இல்லாத, மஞ்சள் கலந்த வெள்ளைப் புழுக்கள். நாரைச் சுற்றிச் சுற்றிப் பின்னிக் கூடு கட்டியிருந்தது, ஒவ்வொன்றும் தக்களி நூல் சுற்றினது மாதிரி. அத்தனையையும் கொல்லையிலேயே வைத்து எரித்தோம்.

முதல் பாளை விட்டிருந்த மரம் அது. இந்தக் கொல்லையில் கஜாவுக்குப் பிறகு வைத்த எட்டில் முதலில் பாளை விட்டது. அத்தை அந்தப் பாளையைத் தனியே எடுத்துச் சாமி படத்துக்கு வைத்தார்கள்.

6 ஆகஸ்ட் 2025

"ஆள் வைத்துச் செய்திருக்கலாமே, தெரியாத வேலையில் ஏன் இறங்கினீர்கள்?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். கோபமாகக் கேட்கவில்லை என்று தெரிகிறது, அதனால் நேராகவே சொல்கிறேன்.

மரம் ஏற ஆள் கிடைப்பது அங்கே இப்போது பெரிய பாடு. காய் பறிக்கவே முறை வைத்துத்தான் வருகிறார்கள். வந்தவர் காய் இல்லாத கன்றில் ஒவ்வொரு கக்கமாகக் கம்பி விட்டுக்கொண்டு நிற்க மாட்டார், அவருக்கு அடுத்த தோப்பு காத்திருக்கிறது. இது வீட்டு ஆள் செய்கிற வேலை. வாரம் ஒரு தடவை சும்மா ஏறிப் பார்க்கிற வேலை. நான் கற்றுக்கொள்ளாமல் இறங்கியதுதான் தப்பு, இறங்கியது தப்பில்லை.

இப்போது அத்தையே கம்பியை எடுத்துக்கொள்கிறார்கள். ஏணி முதல் நாலு படியிலிருந்து கை எட்டுகிற மூன்று மரம் அவர்கள் பொறுப்பு. மீதி நாலும் பக்கத்து வீட்டுத் தம்பி. 45 நாள் கணக்கைச் சமையலறைக் காலண்டரில் அத்தை வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், கேஸ் சிலிண்டர் தேதிக்குப் பக்கத்தில்.

22 அக்டோபர் 2025

தீபாவளிக்கு வந்தோம், மழை விடவில்லை. ஏணி வழுக்கும் என்று அத்தை ஏற விடவில்லை. கீழே நின்று மட்டை எண்ணினோம்.

முதல், இரண்டாவது, மூன்றாவது, ஏழாவது மரங்களில் மேல் நாலு மட்டை முழுசு. நாலாவதில் மேலிருந்து இரண்டாவதில் ஒரு சின்ன முக்கோணம். ஆறாவதும் எட்டாவதும் மூன்று முழுசு. எண்ணிச் சொன்னது மகள்தான், நான் எழுதிக்கொண்டேன்.

ராத்திரி வாசல் டியூப் லைட்டுக்கு ஒரு வண்டு வந்து சுவரில் மோதி விழுந்தது. மகள் அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் செம்பட்டை மயிர் இருக்கிறதா என்று பார்த்து, "பொம்பள வண்டு தாத்தா, கொம்பும் சின்னது" என்றாள். "அப்ப இன்னும் முட்ட வைக்க எடம் தேடுது" என்றார் மாமா.

ஐந்தாவது மரம் இருந்த குழியில் இன்னும் எதுவும் வைக்கவில்லை. அடிக்கட்டையைத் தோண்டி எடுத்தாயிற்று, வேரும் மண்ணும் ஆறட்டும் என்று விட்டிருக்கிறோம். தைக்கு வரும்போது வேப்பங்குளத்திலிருந்து ஒரு கன்று வாங்கி வைக்கலாம் என்கிறார் மாமா. குப்பைக்குழியை அதற்கு முன்பே வேலியின் கிழக்கு மூலைக்கு மாற்ற வேண்டும், மழை நின்றதும் தம்பி ஆரம்பிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். பழைய குழியில் மிச்சம் பாதி இருக்கிறது அல்லவா, ஜனவரியில் நான் விட்டது, அதை நாளைக் காலை மழை இல்லையென்றால் நானே வெட்டிச் சலித்துவிட்டுத்தான் கிளம்புவேன்.